தனகோடிக்குச் சாமி வந்த மூன்று மாதம்

தனகோடியிடம் குறி கேட்டவர்களில் நானும் ஒருவன். எதற்கு மறைக்க வேண்டும்? தெருவே கேட்டது. இப்போது எல்லாரும் 'நாங்க அப்பவே சொன்னோம், அது ஒடம்புக்குத்தான்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருத்தரும் சொல்லவில்லை. வெற்றிலை பாக்கு பழத்தோடு வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் மட்டும் ஏழு பேர்.

குடியாத்தத்தில் எங்கள் தெரு தறித்தெரு. வீட்டுக்கு இரண்டு, நான்கு என்று பவர்லூம் ஓடும், எல்லாம் லுங்கிதான். காலையில் மோட்டார் போட்டால் கரண்ட் போகிறவரைக்கும் சத்தம் நிற்காது. அதனால் எங்களுக்குப் பேசுவதென்றாலே கத்துவதுதான். 'சாப்ட்டியா' என்று கேட்பதைப் பார்த்துவிட்டு, சண்டை விலக்க ஓடிவந்த வெளியூர்க்காரர்கள் உண்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த தனகோடி மட்டும் மெதுவாகப் பேசுவாள். மெதுவாகப் பேசியதால் அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அவள் புருஷன் ஆதிகேசவன் எனக்கு அடுத்த வீடு. நாலு தறி வைத்திருக்கிறான். நல்ல மனுஷன், தறிச் சத்தத்தில் காது கொஞ்சம் கம்மி. ஒரே மகன் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

தனகோடிக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. ஆறரை மணிக்குக் கம்பெனி வேன் மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். அதற்குள் சோறாக்கி, குழம்பு வைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, முடியை ஈரத்தோடு முடிந்துகொண்டு ஓடுவாள். பதினோரு வருஷமாகச் செக்கிங் டேபிள்தான். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ, இடது ஒரு நிறம் வலது ஒரு நிறமாக இருந்தாலோ, அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். தனகோடி ஒரு நாளைக்குப் பத்து அம்பு ஒட்டினால் ஜாஸ்தி. அதற்கே தைத்த பெண்ணிடம் போய்த் 'தப்பா நெனச்சிக்காதம்மா' என்று சொல்லிவிட்டு வருவாள்.

இப்பேர்ப்பட்டவள் பொங்கல் முடிந்த கையோடு மாறிப்போனாள்.

முதலில் மாட்டியது ஆதிகேசவன். சாப்பிட உட்கார்ந்தவன், "குழம்புல உப்பு கம்மியா இருக்குது" என்றிருக்கிறான். தனகோடி உப்பு ஜாடியைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள்.

"போட்டுக்கோ. கை இருக்குதில்ல."

இருபத்திரண்டு வருஷத்தில் 'ங்க' இல்லாமல் அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. ஆதிகேசவன் எழுந்துபோய் நாலு தறியையும் நிறுத்திவிட்டு வந்து, என்ன சொன்னாய் என்று கேட்டான். காதில் சரியாக விழவில்லையோ என்று அவனுக்குச் சந்தேகம். அவள் அதையே இன்னும் தெளிவாகச் சொன்னாள். தறி நின்றிருந்ததால் எங்கள் வீட்டுக்கும் நன்றாகக் கேட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. தை மாதப் பனியில் எல்லாரும் காதைக் கட்டிக்கொண்டு அலையும்போது அவள் வேர்த்துக் கொட்டி மூன்று வேளை குளித்தாள். எட்டு இட்லி தின்றாள், ஆனால் ஜாக்கெட் தொளதொளவென்று ஆனது. ராத்திரியில் தூக்கமில்லை, எழுந்து பாத்திரம் முழுவதையும் எடுத்துப்போட்டுத் தேய்த்தாள். கண் இரண்டும் பெரிசாகி, இமைக்காமல் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கு எங்கள் தெரு நாய்கூட வழி விட்டது.

கம்பெனியிலும் பேஜார். ஒரே நாளில் நூற்று நாற்பது அம்பு ஒட்டிவிட்டாள். சூப்பர்வைசர் கவுஸ் பாஷா தலையில் கை வைத்துக்கொண்டு, அத்தனையையும் தானே உட்கார்ந்து மறுபடி பார்த்தார். ஒன்றுகூடத் தப்பில்லை, நூற்று நாற்பதும் பழுதுதான். அதில்தான் அவருக்கு வருத்தமே. அவள் சொன்னது தப்பாக இருந்தால் திட்டியிருக்கலாம்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வாசலில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு நின்றாள் தனகோடி. தட்டு கையில் கடகடவென்று ஆடியது. முகமெல்லாம் வேர்வை, நெற்றிக் குங்குமம் கரைந்து வழிகிறது, கண் தெறித்து நிற்கிறது. எதிர்வீட்டு விஜயகுமாரி பார்த்தாள். பார்த்த இடத்திலேயே 'தாயே கெங்கம்மா' என்று காலில் விழுந்துவிட்டாள்.

விஜயகுமாரியைத் தப்புச் சொல்லக் கூடாது. எங்கள் ஊர்ச் சாமி அப்படி. கெங்கையம்மனுக்கு வைகாசி ஒண்ணாம் தேதி சிரசுத் திருவிழா. உடம்பு கோயிலில் இருக்கும். தலை மட்டும் ஊர்வலமாக வரும். அகலத் திறந்த கண்ணோடு அந்தப் பெரிய சிரசு ஆள் தோள்களில் ஏறி, மாலைக்கு மேல் மாலையோடு, தேங்காய்கள் உடைபட உடைபட ஊரைச் சுற்றிக் கோயிலுக்குப் போய் உடம்பில் சேரும். பிறந்ததிலிருந்து அந்தக் கண்ணைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதே மாதிரிக் கண் எதிர்வீட்டில் நின்று முறைத்தால் என்ன நினைப்போம்?

விழுந்தவள் விழுந்தபடியே, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மருமகள் எப்போது திரும்பி வருவாள் என்று கேட்டாள். தனகோடிக்கு ஏற்கெனவே எரிச்சல்.

"நீ வாய மூடு, அவ வருவா."

விஜயகுமாரி அதை விரதமாக எடுத்துக்கொண்டு பத்து நாள் வாய் பேசவில்லை. பதினோராம் நாள் மருமகள் வந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் வரிசை. நான் போனது என் இரண்டாம் தறிக்காக. சும்மா சும்மா நின்றுவிடுகிறது, யாராவது செய்வினை வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். தனகோடி என்னை ஏற இறங்கப் பார்த்து, "எண்ணெ விட்டு எத்தினி நாளாவுது?" என்றாள். வீட்டுக்கு வந்து எண்ணெய் விட்டேன். ஓடியது.

ஆதிகேசவனுக்கு முதலில் பயம், அப்புறம் கொஞ்சம் பெருமை. வாசலில் நாலு நாற்காலி வாங்கிப் போட்டான். தனகோடி மட்டும் எனக்குச் சாமியும் வரவில்லை பூதமும் வரவில்லை, எரிச்சலாக இருக்கிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் அம்மன் வாக்காக எடுத்துக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் காவேரிப்பாக்கத்திலிருந்து ஆதிகேசவனின் அண்ணன் வீரபாகு வந்தார். ஆள் கனமானவர், குரலும் கனம். சிரசுக்கு வருஷா வருஷம் அவர் குடும்பம், தங்கை குடும்பம், சம்பந்தி வீடு என்று இருபத்தாறு பேர் தம்பி வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். அத்தனை பேருக்கும் கறிச்சோறு தனகோடி கையால். முதல்நாள் சாயங்காலம் மசாலா அரைக்க உட்கார்ந்தால் மறுநாள் மத்தியானம்தான் அடுப்படியை விட்டு வெளியே வருவாள். வீரபாகு வழக்கம்போல, இந்தத் தடவை ரெண்டு பேர் ஜாஸ்தி வருவார்கள், கறி எட்டுக் கிலோ போட்டுவிடலாம் என்று சொன்னார்.

தனகோடி வந்து நடுவீட்டில் நின்றாள். கை நடுங்கியது.

"நான் ஆக்க மாட்டேன் மாமா. இந்த ஊருக்கு வந்து இருவத்திரெண்டு வருசம் ஆவுது. நம்ம தெரு முனையிலதான் சிரசு போவுது. மோளம் கேக்கும், வெடி கேக்கும். ஒரு வாட்டிகூட நான் பாத்ததில்ல. எங்கெங்கேந்தோ வந்து பாக்குறீங்க, பாத்துட்டு வந்து கறி இன்னும் வேவலியான்னு கேக்குறீங்க. இந்த வருசம் நான் பாக்கணும். ஆம்பளைங்க ஆக்குங்க."

சொல்லிவிட்டு அழுதாள். அழுதபடியே கொல்லைக்குப் போய் மறுபடி குளித்தாள்.

அண்ணனும் தம்பியும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். சிக்கல் என்னவென்றால், தனகோடி சொன்னால் தள்ளிவிடலாம். அம்மன் சொன்னால்? 'ஆம்பளைங்க ஆக்குங்க' என்று கெங்கையம்மனே உத்தரவு போட்டுவிட்டால், எட்டுக் கிலோ கறியை வீரபாகு வேக வைத்துத்தானே ஆக வேண்டும்? அவர் வாழ்நாளில் வெந்நீர் வைத்ததில்லை. மெதுவாகத் தம்பி பக்கம் சாய்ந்து, "ஏண்டா, இது வியாதியா இருக்குமோ?" என்று கேட்டார். அவ்வளவு நம்பிக்கையோடு யாரும் வியாதியைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் வியாதிதான் என்று கண்டுபிடித்தவள் வஹீதா. ஆம்பூர்க்காரி, செக்கிங் டேபிளில் தனகோடிக்குப் பக்கத்து ஸ்டூல். சாப்பாட்டு நேரத்தில் இவள் கையில் தண்ணீர் பாட்டில் ஆடுவதைப் பார்த்துவிட்டு, ஒரு வாய் குடி என்றாளாம். குடித்தாள். இன்னொரு வாய் என்றாளாம். விழுங்கும்போது தொண்டையில் ஒரு வீக்கம் மேலே ஏறி இறங்கியது.

"சாமியெல்லாம் இல்லக்கா. கழுத்து. தைராய்டு. எங்க நாத்தனாருக்கு இதேதான். மாத்திர போடறதுக்குள்ள எங்க மாமியாரையே ஒரு வழி பண்ணிட்டா. நாங்க மாத்திரைய ஒரு மாசம் லேட்டா ஆரம்பிச்சிருக்கலாம்னு இப்போகூட நெனப்போம்."

வேலூருக்குப் போனோம். ஆதிகேசவனுக்குக் காது கம்மி என்பதால் டாக்டர் சொல்வதைக் கேட்டுச் சொல்ல நானும் கூடப் போனேன். லாங் பஜாரைத் தாண்டி ஒரு சின்ன கிளினிக். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல் மேல் ஒரு பேப்பரை வைத்தார். பேப்பர் ஆடிய ஆட்டத்தில் கீழே விழுந்தது.

பொறுமையாகத்தான் சொன்னார். தொண்டையில் ஒரு சுரப்பி இருக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று மூளைக்கு அடியிலிருந்து அதற்கு உத்தரவு வரும். இந்தம்மாவுக்கு உடம்பே தவறுதலாக ஒரு பொய் உத்தரவு கொடுத்துக்கொண்டிருக்கிறது. மூளை போதும் போதும் என்று நிறுத்தினாலும் சுரப்பி நிறுத்தவில்லை. சுரந்தது ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது, மூளைக்கும் போகிறது. அங்கே எல்லாம் வேகம் கூடிவிடும். தூக்கம் வராது, பயம் வரும், அழுகை வரும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும்.

நான் ஆதிகேசவன் காதில் கத்தினேன். அவன் யோசித்துவிட்டு, "மெயின் ஆஃப் பண்ணாலும் தறி ஓடுது. அதானே?" என்றான். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதையே இனிமேல் குடியாத்தம் ஆட்களுக்குச் சொல்லப்போகிறேன் என்றார்.

 தனகோடி அப்போது ஒன்று கேட்டாள்.

"கோவம் இந்தச் சுரப்பியால வந்திச்சி. சரி. முன்ன இருவத்திரெண்டு வருசம் பேசாமயே இருந்தேனே, அது எந்தச் சுரப்பி?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதுக்கு டெஸ்ட் இல்லம்மா" என்றார். பிறகு, "எவ்வளவு கோவம்ங்கறத மாத்திரை கொறைக்கும். எதுக்குக் கோவம்ங்கறது மாத்திரைக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே சீட்டு எழுதினார். ஒரு மாத்திரை சுரப்பியை அடக்க, இன்னொன்று நெஞ்சுப் படபடப்புக்கு. யாரையும் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

ஆதிகேசவன் அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரே தேவைப்படவில்லை, வீரபாகுவின் குரல் பஜார் முழுக்கக் கேட்டது. "நல்ல வேள, வியாதிதானா." அப்புறம், "சிரசுக்குள்ள சரியாய்டுமா கேளு" என்றார்.

சரியாகிவிடும் போலத்தான் இருந்தது. முதலில் கை நடுக்கம் நின்றது. பங்குனி போய்ச் சித்திரை வந்தபோது, வேலூர் வெயிலில் நாங்களெல்லாம் வெந்துகொண்டிருக்க, தனகோடி மட்டும் நிம்மதியாக மின்விசிறிக்குக் கீழே தூங்கினாள். சதை வைத்தது. குரல் இறங்கியது. 'ங்க' திரும்பி வந்தது. தெருவுக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது. விஜயகுமாரி ஒரு தடவை வந்து, அம்மனை மாத்திரை கொடுத்து விரட்டிவிட்டீர்களே என்று ஆதிகேசவனிடம் வருத்தப்பட்டுவிட்டுப் போனாள். நாற்காலிகளை அவன் உள்ளே எடுத்துப் போட்டான். தினமும் காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் அவனே கொண்டுவந்து கொடுத்தான். ஒரு நாள்கூட மறக்கவில்லை. அவ்வளவு அக்கறை. வைகாசி ஒண்ணாம் தேதிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரையும் பார்த்துக்கொண்டான்.

இதற்கு நடுவில் ஒரு நாள் கம்பெனியில் நடந்ததை வஹீதா எனக்குப் பின்னால் சொன்னாள். தனகோடி டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளாம்.

"கோவம் போய்டிச்சி வஹீதா. தேடிப் பாக்கறேன், இல்ல."

"நல்லதுதானேக்கா."

"சிரசு வருது. அவங்கல்லாம் வந்து குந்துவாங்க. கோவம் இல்லாம மாட்டேன்னு எப்டி சொல்றது? எனக்கு அது தெரியாதே. ஒரு வாரம் மாத்திரைய நிறுத்திட்டா இன்னா? சிரசு முடிஞ்சதும் போட்டுக்கறேன்."

வஹீதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாத்தனார் ஒருமுறை அப்படி நிறுத்தி நெஞ்சடைப்பு மாதிரி வந்து ஆஸ்பத்திரியில் படுத்ததைச் சொல்லி, "அப்புறம் சிரச நீ பாக்க முடியாது, ஊர்தான் வந்து உன்னப் பாக்கணும்" என்று திட்டினாள். திட்டிவிட்டு, டேபிள் மேல் கிடந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கர் பட்டையை எடுத்துத் தனகோடி முன்னால் போட்டாள்.

"இத ஒட்றப்போ கோவமாவா ஒட்ற?"

"இல்ல."

"பழுது இருந்தா ஒட்ற, இல்லன்னா வுட்டுட்ற. அவ்ளோதானே?"

தனகோடி பட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம்தான் சாப்பிட்டாளாம். அப்போதெல்லாம் அவள் ஒரு நாளைக்கு நாற்பது அம்பு ஒட்டிக்கொண்டிருந்தாள். நூற்று நாற்பதும் இல்லை, பழைய பத்தும் இல்லை. யாரிடமும் போய்த் தப்பாக நினைக்காதே என்று சொல்வதை மட்டும் விட்டிருந்தாள்.

சிரசுக்கு இரண்டு நாள் முன்பு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அளவு சரிக்கு வந்துவிட்டது, மாத்திரையைத் தொடர வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆதிகேசவன் அந்தத் தாளை அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். அண்ணன் கைகூப்பின படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். கறி எட்டுக் கிலோ என்று கீழே எழுதியிருந்தார்.

முதல்நாள் சாயங்காலமே இருபத்தெட்டுப் பேரும் வந்து இறங்கினார்கள். தனகோடி எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள், மசாலா அரைத்தாள், வெங்காயம் உரித்து வைத்தாள். சிரித்த முகமாகவே இருந்தாள். வீரபாகு எனக்கு ஜாடை காட்டினார், பார்த்தாயா என்று. உண்மையைச் சொன்னால் எனக்குத் துக்கமாக இருந்தது. எண்ணெய் விடச் சொன்னவளை இனிமேல் பார்க்க முடியாது என்று நினைத்தேன்.

காலையில் தூரத்தில் மேளம் கேட்டது. வீரபாகு குளித்து, விபூதி பூசி, புது வேட்டியோடு நடுவீட்டில் உட்கார்ந்து, சிரசு பார்க்கக் கிளம்புகிறோம், வருவதற்குள் கறி வெந்திருக்கட்டும் என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

தனகோடி வெளியே வந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலை நிறையப் பூ. கையில் இருந்த பெரிய கரண்டியை ஆதிகேசவன் கையில் கொடுத்தாள்.

"நான் போய் சிரசு பாத்துட்டு வர்றேங்க. அடுப்பு பத்த வச்சிட்டேன். எது எங்க இருக்குதுன்னு தெரியாதுன்னு சொல்வீங்க. எல்லாத்துலயும் ஒட்டியிருக்கேன்."

எட்டிப் பார்த்தேன். மிளகாய்த்தூள் டப்பா, தனியாத்தூள், எண்ணெய், உப்பு ஜாடி, ஒவ்வொன்றுக்கு மேலேயும் அலமாரியில் ஒரு சிவப்பு அம்பு.

 திருவிழாவுக்காகத் தறியை நிறுத்தியிருந்தோம், சரியாகக் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.  வீரபாகு தம்பியைப் பார்த்தார்.

"ஏண்டா, இன்னிக்கி மாத்திர குட்த்தியா?"

தனகோடிதான் பதில் சொன்னாள். அவள் எப்போதும் பேசுகிற அதே மெதுவான குரல். இருபத்தெட்டுப் பேருக்கும் கேட்டது.

"போட்டுக்கினேன் மாமா. அதனாலதான் மெதுவா சொல்றேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே நின்றால் என் கையிலும் ஒரு கரண்டி வந்துவிடும்.

தெரு முனையில் ஜனம் நெரிந்தது. விஜயகுமாரி அவளைப் பார்த்ததும், பழைய மரியாதை விட்டுப்போகவில்லை, முன்வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தாள். மாலை மேல் மாலையாகச் சிரசு வந்தது. மஞ்சளும் குங்குமமுமாக அவ்வளவு பெரிய முகம், எங்கள் எல்லாருக்கும் மேலே. தனகோடி கை கூப்பவே மறந்து நின்றாள். கண்ணிலிருந்து நீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் இருபது வீடு தள்ளி இருந்து பார்க்காத முகம். 

சிரசு தாண்டிப் போனதும் வஹீதாவுக்குப் போன் போட்டாள். வெடிச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

"பாத்துட்டேண்டி. கண்ணு எனக்கு இருந்திச்சே, அதே மாதிரி பெருசா."

வஹீதா ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

"கழுத்து வீங்கியிருக்குதாக்கா?"

"கழுத்தே இல்லடி."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

நாங்கள் வீடு திரும்பும்போது மணி பன்னிரண்டாகிவிட்டது. நடுவீட்டில் பந்தி உட்கார்ந்திருந்தது. ஆதிகேசவன் மூக்கில் கரி. புது வேட்டியில் மஞ்சள் கறையோடு வீரபாகு கடைசி இலையில் உட்கார்ந்திருந்தார். கறி கொஞ்சம் அடி பிடித்திருந்தது, வெந்தது பாதி வேகாதது பாதி. தனகோடிக்கும் ஓர் இலை போட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள்.

வீரபாகு ஒரு வாய் வைத்தார். உப்பு கம்மி. வாயைத் திறந்து தனகோடியைப் பார்த்தார். அப்புறம் மூடிக்கொண்டு, எழுந்து அடுப்படிக்குள் போய், அம்பைப் பார்த்து ஜாடியை எடுத்துவந்து தானே போட்டுக்கொண்டார்.